பட்டியலின் முதல் சொல்

ஜனவரி 9

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். பக்கத்து வீட்டு கம்பவுண்டர் எழுதித் தரவில்லை. நானே எழுதுகிறேன். நம்பிக்கை இல்லாவிட்டால் எழுத்தைப் பார். கம்பவுண்டரின் எழுத்து எறும்பு மாதிரி ஓடும். இது ஆமை.

கடிதம் என்றால் முதலில் நலம் விசாரிக்க வேண்டும் என்று டீச்சரம்மா சொல்லியிருக்கிறார். நான் நன்றாக இருக்கிறேன். முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் போய்விட்ட மாதிரி, கூப்பிட்டால் வருவதில்லை. நீ எப்படி இருக்கிறாய்? விடுதியில் தூக்கம் வருகிறதா?

இதுவரை எழுத இரண்டு நாள் ஆகிவிட்டது. வகுப்பு மாலை ஐந்து மணிக்கு. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் காலையில் உட்கார்ந்த பெஞ்சில் மாலையில் நாங்கள் ஒன்பது பேர் உட்காருகிறோம். என் கால் மேசைக்கு அடியில் போகாது. பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு எழுதுகிறேன். பக்கத்தில் தேய்ப்புக் கடை அம்மா. எல்லோரும் அவளை இஸ்திரி என்றே கூப்பிடுகிறார்கள். நேற்று என் நோட்டை எட்டிப் பார்த்து, "பெரியவரே, உங்க 'ழ'வுக்கு இடுப்பு பிடிச்சிருக்கு போல, இப்படி வளைஞ்சு நிக்குது" என்றாள். "எழுபத்தொரு வயசுல எழுதுற 'ழ' வேற எப்படிம்மா நிக்கும்?" என்றேன். டீச்சரம்மாவே சிரித்துவிட்டார்.

ஒன்று சொல்ல வேண்டும். மிருகக்காட்சி சாலை வாசலில் முப்பத்து மூன்று வருடம் சீட்டுக் கிழித்தேன் இல்லையா? பெட்டியில் பழைய சீட்டு ஒன்று கிடந்தது. எடுத்து எழுத்துக் கூட்டிப் படித்தேன். "விலங்குகளைச் சீண்டாதீர்கள்" என்று போட்டிருக்கிறது! இத்தனை வருடம் ஊருக்கெல்லாம் இதைக் கையில் கொடுத்திருக்கிறேன். எனக்கே தெரியாது. வெள்ளை என்றால் முழுச் சீட்டு, மஞ்சள் என்றால் அரைச் சீட்டு. அதுதான் எனக்குத் தெரிந்த படிப்பு. தெரிந்ததும் தெருவில் இறங்கி யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. கம்பவுண்டரிடம் சொன்னேன். "சரி, இனிமே சீண்டாதீங்க" என்றார்.

போனில் பேசலாமே என்று நீ சொல்வாய். போனில் நாம் "சாப்பிட்டியா", "சாப்பிட்டேன்" தாண்டிப் பேசி ஐந்து மாதம் ஆகிறது. அதனால் கடிதம். நீ ஜெர்மன் பரீட்சையில் பாஸாகி, அந்த நாட்டில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் வேலைக்குப் போக வேண்டும். நான் இரண்டாம் புத்தகத்துக்குப் போக வேண்டும். ஒரே வீட்டில் இரண்டு மாணவர்கள். நீ படிக்கிற வார்த்தைகளில் நாலைந்து எழுதி அனுப்பு. தமிழ் எழுத்தில், தனித்தனியாக, பெரிதாக எழுது.

வேறு விசேஷம் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.
இப்படிக்கு,
அப்பா (என் கையாலேயே)


ஜனவரி 24

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நன்றாக எழுதியிருக்கிறீர்கள். நான் சுகம். முழங்காலுக்கு அந்த நீலக் குழாய் மருந்தைத் தடவுங்கள்.

அறையில் ஆறு கட்டில்கள். என்னுடையது ஜன்னலோரம். ஜன்னலுக்கு வெளியே ஓர் அச்சகத்தின் பின்சுவர். ஒன்பது மணிக்கு வகுப்பு, நாலு மணிக்கு முடியும். பிறகு படிப்போம். சாப்பாடு பரவாயில்லை.

பரீட்சை மே மாதம். எழுத்து, படிப்பு, காது, பேச்சு என்று நான்கு பகுதி. நான்கிலும் தேற வேண்டும். மேயில் விட்டால் செப்டம்பரில் இன்னொரு முறை எழுதலாம். அதற்குமேல் அங்கே வேலை தருவதாகச் சொன்ன முதியோர் இல்லம் எனக்காகக் காத்திருக்காது. வேறு ஆளை எடுத்துவிடுவார்கள்.

இந்த வாரம் மனிதரின் வயதுகளுக்கான சொற்கள் நடந்தன. கேட்டீர்களே, எழுதுகிறேன்.

2. கிளைன்கிண்ட் - தத்தி நடக்கும் பிள்ளை
3. கிண்ட் - பிள்ளை
4. யூகென்ட்லிஷர் - இளவட்டம்
5. எர்வாக்ஸனர் - வளர்ந்தவர்
6. ரென்ட்னர் - வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். இது நீங்கள்.

இவை தவிர கிரைஸ் என்று ஒரு சொல் உண்டு. தொண்டு கிழம் என்று அர்த்தம். இல்லத்தில் யாரையும் அப்படிச் சொல்லக் கூடாது என்றார் எங்கள் ஆசிரியர்.

வேறொன்றும் இல்லை.
அன்புடன்,
மகள்


பிப்ரவரி 10

அன்புள்ள மகளுக்கு,

ரென்ட்னர் எழுதுகிறேன். ரென்ட்னர் நன்றாக இருக்கிறார். நீயும் அப்படி இருக்க வேண்டும். நீல மருந்து தீர்ந்துபோய் வேறு வாங்கினேன். குழாயில் "வெளிப்பூச்சுக்கு மட்டும்" என்று எழுதியிருப்பதைக் கடையிலேயே படித்துக் காட்டினேன். கடைக்காரர், "சரி, அப்ப குடிக்காதீங்க" என்றார். இந்த ஊரில் யாருக்குமே என் பெருமை புரியவில்லை.

உன் வார்த்தைகளை வகுப்பில் கொண்டுபோய்ப் படித்தேன். "கிளைன்கிண்ட்" சொல்லி முடிப்பதற்குள் என் பல்செட் கழன்றுவிட்டது. இஸ்திரிக்கு "எர்வாக்ஸனர்" பிடித்துப்போயிற்று. தன் வீட்டுக்காரரை இனிமேல் அப்படித்தான் திட்டப் போகிறாளாம்.

இந்த வார்த்தைகளுக்காக அவர்கள் புத்தகம் போட்டுப் படிக்கிறார்கள். எனக்கு ஒரு தூண் போதுமாக இருந்தது. வாசல் தூணில் சிவப்புக் கோடு ஒன்று, அதற்கு மேலே பச்சைக் கோடு ஒன்று. தலை சிவப்புக்குக் கீழே இருந்தால் இலவசம். பச்சைக்குக் கீழே இருந்தால் அரைச் சீட்டு. அதற்குமேல் முழுசு. ஆனால் கோட்டை நம்பி யார் வேலை பார்த்தார்கள்? ஒரு பெண் தன் பையனைத் தூணில் சாய்த்து நிறுத்தி, "குனிடா, குனிடா" என்று காதோடு சொல்வாள். அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "நான் மூணாம் கிளாஸ்!" என்று கத்துவான். இன்னொருவர் வளர்ந்த பையனைக் கூட்டி வந்து, "பத்து வயசுதான் சார்" என்றார். "யாருக்கு, பையனுக்கா, மீசைக்கா?" என்று கேட்டேன். வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே முழுச் சீட்டு வாங்கினார். முகத்தைப் பார்த்து வயது சொல்வதில் என்னை யாரும் ஏமாற்றியதில்லை.

ஒரு சந்தேகம். இப்போது எனக்கு எண்களும் வரும் என்பதால் கேட்கிறேன். உன் பட்டியல் இரண்டில் ஆரம்பிக்கிறது. ஒன்றாம் எண்ணில் என்ன? விட்டுப்போயிற்றா?

பதில் போடு. உடம்பு முக்கியம்.
இப்படிக்கு,
அப்பா


மார்ச் 2

அன்புள்ள அப்பாவுக்கு,

சுகம். நீங்களும் சுகமாக இருப்பீர்கள்.

1. ஸாய்க்ளிங் - பால் குடிக்கும் பருவத்துக் குழந்தை.

போன வாரம் குடும்பப் படம் கொண்டுவரச் சொன்னார்கள். நான் கொண்டு போகவில்லை. ஆசிரியர் ஒரு பத்திரிகையிலிருந்து ஒரு குடும்பத்தின் படத்தை வெட்டிக் கொடுத்தார். அம்மா, அப்பா, இரண்டு பிள்ளைகள், ஒரு நாய். அவர்களைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினேன். நன்றாகப் பேசினேன் என்றார்.

வயதைச் சொல்லும்போது இவர்கள் எல்லோருக்கும் "ஆல்ட்" என்று ஒரு சொல்லைச் சேர்க்கிறார்கள். வயதான என்று அர்த்தம். கிழவருக்கும் அதுதான். பிறந்து நான்கு நாளான குழந்தைக்கும் அதுதான்.

இங்கே வெயில் ஏறிவிட்டது.
அன்புடன்,
மகள்


மார்ச் 20

அன்புள்ள மகளுக்கு,

நான் நலம். உன் கடிதத்தில் பத்துப் பன்னிரண்டு வரிதான் இருந்தது. அதை நான்கைந்து முறை படித்துத் தீர்த்துவிட்டேன். கொஞ்சம் நீளமாக எழுதக் கூடாதா?

முதல் வார்த்தை வந்தது. நோட்டில் எழுதிப் பார்த்தேன்.

என் பேத்தி, நம் தவளைக்குட்டி, ஏழு மாதம் இருந்தாள். அவள் போய் இன்றோடு ஏழு மாதம். இருந்த நாளும் இல்லாத நாளும் சமமாகிவிட்டன. நாளையிலிருந்து இல்லாத நாள்தான் அதிகம். நாள்காட்டியைப் படிக்கத் தெரிந்ததால் இதையெல்லாம் எண்ணுகிறேன்.

எங்கள் வாசலில் கைக்குழந்தை கணக்கிலேயே வராது. சீட்டு கிடையாது. சாயங்காலம் கிழித்த பாதிச் சீட்டுகளை எண்ணி, இன்று உள்ளே போனவர் இத்தனை பேர் என்று எழுதுவார்கள். இடுப்பில் உட்கார்ந்து போன பிள்ளைகள் அந்த எண்ணிக்கையில் இருக்க மாட்டார்கள். போன ஜூலையில் நான் அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேனே, நீர்யானையைப் பார்த்துக் காலை உதைத்தாளே, அந்த நாளின் கணக்கில் நான் மட்டும்தான் இருப்பேன்.

சரி. ஒரு வேடிக்கை சொல்கிறேன். நேற்று பஸ் நிறுத்தத்தில் நின்றேன். இவ்வளவு காலமும் நிறத்தையும் டிரைவர் முகத்தையும் பார்த்து ஏறுவேன். ஒரு நாளும் தப்பு நடந்ததில்லை. நேற்று ஒரு பஸ் வந்தது. பலகையை எழுத்துக் கூட்டிப் படித்தேன். "தண்ணீர்த் தொட்டி" என்று முழுசாகப் படித்துவிட்டேன். அந்தச் சந்தோஷத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். நான் போக வேண்டிய இடம் சந்தை! ஊருக்கு வெளியே கடைசி நிறுத்தத்தில் இறங்கி, தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துவிட்டு அதே பஸ்ஸில் திரும்பி வந்தேன். கண்டக்டர், "என்ன தாத்தா, சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களா?" என்றார். "இல்லப்பா, படிச்சேன், அதான் வந்தேன்" என்றேன்.

பரீட்சைக்கு நன்றாகப் படி. நேரத்துக்குச் சாப்பிடு.
இப்படிக்கு,
அப்பா


மே 28

அன்புள்ள அப்பாவுக்கு,

உடனே எழுதாததற்கு மன்னியுங்கள். உடம்புக்கு ஒன்றும் இல்லை.

எழுத்து, படிப்பு, காது மூன்றிலும் தேறிவிட்டேன். பேச்சில் இல்லை. அன்று தொண்டை கட்டிக்கொண்டது.

செப்டம்பர் மூன்றாம் தேதி பேச்சு மட்டும் மறுபடி. அதுதான் கடைசி.

அன்புடன்,
மகள்


ஜூன் 10

அன்புள்ள மகளுக்கு,

நலமாக இருக்கிறேன். நீ நலமாக இருப்பதாக எழுதியிருக்கிறாய். சரி.

மூன்று பாஸ் ஆனதைத் தெருவெல்லாம் சொன்னேன். நாலாவதைச் சொல்லவில்லை. அது நம் வீட்டு விஷயம்.

ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபிக்காதே. உனக்குத் தொண்டை கட்டி நான் பார்த்ததே இல்லை. வார்டில் நீ அந்தக் கோடியில் நின்று கூப்பிட்டால் இந்தக் கோடியில் இருக்கிற நோயாளி மருந்தை விழுங்குவான் என்று உன் தலைமை நர்ஸ் சொல்லியிருக்கிறார். பரீட்சையில் என்ன கேட்டார்கள்? எனக்கு ஜெர்மன் தெரியாது. கேள்வியைத் தமிழில் எழுது.

நான் இரண்டாம் புத்தகம் முடித்துவிட்டேன். டீச்சரம்மா பலகையில் என் பெயரைப் பெரிதாக எழுதி, எல்லோரையும் கை தட்டச் சொன்னார். கை தட்டியதைவிடப் பலகையில் என் பெயர் இருந்ததுதான் எனக்குப் பெரிதாக இருந்தது. அழிக்கும்போது கொஞ்சம் சங்கடமாக இருந்தது. இப்போது வீட்டில் எழுத்து இருக்கிற எல்லாவற்றையும் படிக்கிறேன். சோப்பு உறை, கேஸ் அடுப்பின் அடிப்பக்கம், உன் பழைய ஆஸ்பத்திரிப் பை. கையால் வேகமாகச் சேர்த்து எழுதுவார்களே, அந்த எழுத்துதான் இன்னும் பிடிபடவில்லை. அதைச் சொல்லித் தாருங்கள் என்று டீச்சரம்மாவை நச்சரிக்கிறேன். "என்ன அவசரம் ஐயா? காதல் கடிதமா வந்திருக்கு?" என்று இஸ்திரி கேட்கிறாள்.

கேள்வி என்ன என்று எழுது. மறக்காதே.
இப்படிக்கு,
அப்பா


ஜூலை 3

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். தொண்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. பொய் எழுதிவிட்டேன்.

ஒரு சின்ன அறை. மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு அம்மாக்கள். ஒருவர் கேட்பார், ஒருவர் எழுதுவார். முதலில் நம்மைப் பற்றிக் கேட்பார்கள். இது மிகச் சுலபமான பகுதி. எல்லோருக்கும் முழு மதிப்பெண் கிடைக்கும் பகுதி.

முதல் கேள்வி, என்ன வேலை செய்தீர்கள்? சொன்னேன். இரண்டாவது, கணவர் இருக்கிறாரா? விவாகரத்து ஆகிவிட்டது என்றேன். அந்தச் சொல் தெளிவாக வந்தது. மூன்றாவது, பிள்ளைகள் உண்டா?

உண்டு என்றால் என்ன வயது என்று கேட்பார்கள். இல்லை என்றால் இல்லை என்று ஆகிவிடும். சுவரில் கடிகாரம் ஓடியது. அந்த அம்மா கேள்வியை மெதுவாக இன்னொரு முறை சொன்னார், எனக்குப் புரியவில்லை என்று நினைத்து. பிறகு அடுத்தவர் ஏதோ எழுதினார். அதற்குப் பிறகு அவர்கள் கேட்ட எதற்கும் எனக்கு வாய் திறக்கவில்லை.

எதிர்க் கட்டிலில் இருக்கிறவளிடம் மட்டும் சொன்னேன். "இல்லைன்னு சொல்லிட்டுப் போயேன்டி. அவங்க என்ன உன் வீட்டுக்கு வந்து பாக்கப் போறாங்களா?" என்றாள். ஆசிரியரும் அதையே சொன்னார். பரீட்சையில் உண்மைக்கு மதிப்பெண் கிடையாது, வாக்கியம் சரியாக இருந்தால் போதும் என்றார். அவர் சொல்வது சரிதான்.

"எனக்குப் பிள்ளைகள் இல்லை." இதை ஜெர்மனில் தினமும் இருபது முறை சொல்லிப் பழகுகிறேன். இப்போது தடங்கல் இல்லாமல் வருகிறது. ஒன்றும் தோன்றவில்லை. பல் தேய்ப்பது போல இருக்கிறது.

செப்டம்பரில் இதைச் சொல்லிவிடட்டுமா, அப்பா?

மகள்


ஜூலை 22

அன்புள்ள மகளுக்கு,

நீ கேட்டதற்குக் கடைசியில் பதில் எழுதுகிறேன். முதலில் வேறு ஒன்று எழுத வேண்டும். இதை எழுத ஒரு வாரமாக உட்கார்ந்து எழுந்து கொண்டிருக்கிறேன்.

டீச்சரம்மா சேர்த்தெழுதும் எழுத்தைச் சொல்லிக் கொடுத்துவிட்டார். போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் அலமாரியிலிருந்து ஒரு தாளை எடுத்தேன். நீ எழுதியது. அன்று காலை ஏழு மணிக்கு டூட்டிக்குப் போகும்போது என் கையில் கொடுத்துவிட்டு ஓடினாயே, அந்தத் தாள். படித்து முடிக்க மூன்று மணி நேரம் ஆனது.

"பத்து மணிக்குச் சொட்டு மருந்து. காய்ச்சல் மறுபடி ஏறினாலோ, பால் குடிக்காவிட்டாலோ, பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகவும். எனக்கு போன் செய்யவும்."

அன்று நீ வாயால் சொன்னது "எல்லாம் எழுதியிருக்கேன்ப்பா" என்பது மட்டும்தான். நான் தலையை ஆட்டினேன். கம்பவுண்டர் வேலைக்குப் போயிருந்தார். தெருமுனைக் கடையில் காட்டியிருக்கலாம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய், என் மகள் எழுதியதைப் படித்துச் சொல் என்று கேட்க வெட்கமாக இருந்தது. வேறு காரணம் எதுவும் இல்லை. பாட்டிலை இரண்டு தடவை வாயில் வைத்தேன். அவள் வாயைத் திறக்கவில்லை. நன்றாகத் தூங்குகிறாள், தூங்கட்டும் என்று விட்டுவிட்டேன். உனக்கு போன் செய்யத் தோன்றவில்லை. மூன்று மணிக்கு நீ வந்தாய். பிறகு நடந்தது உனக்குத் தெரியும்.

இந்தத் தாளைப் படிக்கத்தான் வகுப்பில் சேர்ந்தேன். யாரிடமாவது கொடுத்து எப்போதோ படித்திருக்கலாம். இன்னொருவர் வாயால் அதைக் கேட்க மனம் வரவில்லை. ஆனால் வகுப்பில் எனக்கு வந்த சந்தோஷமும் உண்மைதான். சீட்டைப் படித்தது, பஸ் பலகையைப் படித்தது, எதுவும் நடிப்பு இல்லை. இதற்காகப் போன இடத்தில் எப்படி அந்தச் சந்தோஷம் வந்தது என்று எனக்கே தெரியவில்லை. இதையும் உன்னிடம் சொல்ல வேண்டும் என்று இருந்தது.

நீ கேட்டதற்குப் பதில். இல்லை என்று சொன்னால் நீ பாஸாவாய், அந்த வேலை கிடைக்கும். நான் ஒரு நாளும் குறையாக நினைக்க மாட்டேன். சொல்லாதே என்று சொல்லவும் எனக்கு யோக்கியதை இல்லை.

மழைக் காலம். தலையை நனைக்காதே.
அப்பா


ஆகஸ்ட் 4

அன்புள்ள அப்பாவுக்கு,

அந்தத் தாள் அலமாரியில் இருப்பது எனக்குத் தெரியும். இங்கே கிளம்பி வரும்போதும் பார்த்தேன். எடுக்கவில்லை.

வார்டில் ஒரு ஷிப்ட் முடிந்து அடுத்தவரிடம் நோயாளியை ஒப்படைக்கும்போது பேச நேரம் இருக்காது. எழுதி வைத்துவிட்டுக் கிளம்புவோம். அடுத்த சிஸ்டர் படித்துப் பார்த்துக்கொள்வார். பதினோரு வருடம் அப்படித்தான் செய்தேன். அன்றும் அப்படித்தான் எழுதி உங்கள் கையில் கொடுத்தேன். அடுத்த ஷிப்டுக்கு ஒப்படைப்பது மாதிரி.

நீங்கள் எழுதாத ஒன்றை நான் எழுத வேண்டும். உங்களுக்குப் படிக்கத் தெரியாது என்பது எனக்கு பஸ்ஸிலேயே நினைவு வந்தது. மூன்றாவது நிறுத்தத்தில். இறங்கித் திரும்பியிருக்கலாம். வார்டுக்குப் போய் போன் செய்துகொள்ளலாம் என்று நினைத்தேன். போனதும் மூன்று குழந்தைகள் அட்மிஷன். மூன்றுக்கும் ஊசி ஏற்ற வேண்டியிருந்தது. எட்டு மணிக்குச் செய்யலாம், ஒன்பது மணிக்குச் செய்யலாம் என்று இருந்தேன். பிறகு, ஏதாவது என்றால் அப்பாவே கூப்பிடுவார் என்று இருந்துவிட்டேன்.

டாக்டரிடம் தனியாகக் கேட்டேன், காலையிலேயே கொண்டு வந்திருந்தால் என்று. சொல்ல முடியாது என்றார். அந்தக் காய்ச்சல் மூளைக்குப் போய்விட்டால் சொல்ல முடியாதாம். அதையும் உங்களிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். நீங்கள் உங்களையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். தெரிந்தும் சொல்லவில்லை.

மூன்றாம் தேதி பரீட்சை. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன்.

மகள்


செப்டம்பர் 12

அன்புள்ள அப்பாவுக்கு,

நலமாக இருக்கிறீர்களா? உங்களிடமிருந்து ஒரு வரியும் வரவில்லை. எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கும் நிலையில் நான் இல்லை. முழங்கால் எப்படி இருக்கிறது என்று மட்டும் கம்பவுண்டரிடமாவது சொல்லி அனுப்புங்கள்.

பரீட்சை முடிந்தது. அதே அறை. கேட்பவர் வேறு ஓர் அம்மா, வயதானவர், மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தார். வேலை கேட்டார். கணவர் கேட்டார். பிள்ளைகள் உண்டா என்று கேட்டார்.

இல்லை என்ற வாக்கியம் வாயில் தயாராக இருந்தது. எத்தனை மாதமாகச் சொன்ன வாக்கியம். வாயைத் திறந்தேன், வேறு வந்தது. "எனக்கு ஒரு மகள் இருந்தாள். அவளுக்கு ஏழு மாதம். இறந்துவிட்டாள்." மூன்று சின்ன வாக்கியங்கள். நான் பழகியதே இல்லை. குரல் நடுங்கவில்லை. அழுகையும் வரவில்லை. யாரோ என் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வது போல இருந்தது.

அந்த அம்மா என்னைப் பார்த்தார். "டாங்கே" என்றார். நன்றி என்று அர்த்தம். ஒவ்வொரு பதிலுக்கும் பிறகு அதைச் சொல்வது அவர்கள் வழக்கம். பிறகு, ஓய்வு நேரத்தில் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். நடக்கப் பிடிக்கும் என்றேன். எங்கே நடப்பீர்கள் என்றார். ஆற்றங்கரையில் என்றேன். இங்கே ஆறே இல்லை.

இன்று முடிவு வந்தது. தேறிவிட்டேன். அந்த முதல் பகுதிக்கு முழு மதிப்பெண். பிழை எதுவும் இல்லையாம்.

அக்டோபர் கடைசியில் கிளம்ப வேண்டும். அதற்கு முன் வீட்டுக்கு வரலாமா?

மகள்


செப்டம்பர் 25

அன்புள்ள மகளுக்கு,

நான் நலம். முழங்காலும் அப்படியேதான் இருக்கிறது. கம்பவுண்டரிடம் எதற்குச் சொல்லி அனுப்ப வேண்டும்? எனக்குத்தான் எழுதத் தெரியுமே.

உன் ஆகஸ்ட் கடிதத்துக்குப் பதில் எழுத நான்கு தடவை உட்கார்ந்தேன். நான்கு தாளையும் கிழித்தேன். மூன்றாவது நிறுத்தத்தில் நினைவு வந்தது என்று படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. மறைக்க மாட்டேன். மூன்று நாள் அடுப்புப் பற்ற வைக்காமல் படுத்துக் கிடந்தேன். இஸ்திரி வீட்டுக்கே வந்து கதவைத் தட்டி, "வகுப்புக்கு வரல, என்ன, புருஷன் பொண்டாட்டி சண்டையா, தனியாத்தானே இருக்கீங்க?" என்றாள். எழுந்து போனேன். கோபம் எப்போது போயிற்று என்று தெரியவில்லை. ஒரு நாள் பார்த்தேன், இல்லை. அதற்குப் பதிலாக வேறு எதுவும் வரவும் இல்லை. வந்தால் எழுதுகிறேன்.

நீ பாஸானதை டீச்சரம்மாவிடம் சொன்னேன். கை தட்டச் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அப்புறம் சொல்லலாம் ஐயா" என்றார்.

உன் கடிதத்தில் ஓர் இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். இந்த ஒரு வருடத்தில் எத்தனை பேர் நம் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். எழுதினது அவ்வளவுதான் என்றார்கள். மனசைத் தேத்திக்கோ என்றார்கள். உனக்கு வயசு இருக்கு என்றார்கள். அவளைப் பற்றி நான் பேச வாயெடுத்தால், சாப்பிட்டாயா என்று பேச்சை மாற்றினார்கள். நானும் உன்னிடம் அதைத்தானே செய்தேன்.

அவளைப் பற்றிச் சொன்னதற்கு நன்றி என்று சொன்னது அந்தக் கண்ணாடிக்கார அம்மா ஒருவர்தான். வழக்கத்துக்குத்தான் சொன்னார் என்று எழுதியிருக்கிறாய். இருக்கட்டும்.

வா. எந்த பஸ் என்று எழுது. நிறுத்தத்தில் நின்று பலகையைப் படித்துக்கொண்டிருப்பேன்.

அப்பா